90.4 காரர்களுக்கு, வீடு காலி பண்ணும் முன்னால்

90.4 எஃப்.எம். என்கிற அண்ணா பல்கலைக்கழக சமுதாய வானொலியில் இருக்கிறவர்களுக்கும், இருந்துவிட்டுப் போனவர்களுக்கும், அந்தப் பக்கம் ஒருநாளும் வராமலேயே எனக்குக் கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த மாசக் கடைசியில் கோட்டூர்புரம் வீட்டைக் காலி பண்ணிவிட்டு மகனோடு மதுராந்தகம் போகிறேன். சாமான் கட்ட ஆரம்பிப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே 90.4 எடுக்காது. மதுராந்தகம் எதற்கு, தாம்பரத்தில் என் தங்கை வீட்டிலேயே வெறும் கொரகொரதான். "உன் குரலைக் கேக்கணும்னா நான் சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறணுமாக்கா?" என்று பல வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். சமுதாய வானொலிக்கு அரசாங்கம் அனுமதிக்கிற சக்தியே 100 வாட்ஸ்தான், கம்பத்தின் உயரத்துக்கும் 30 மீட்டர் என்று கணக்கு இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். நம்ம வீட்டுக் குண்டு பல்பும் நூறு வாட்ஸ்தானே என்று சிரித்தாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2004 பிப்ரவரி 1-ஆம் தேதி இந்த வானொலி தொடங்கியபோது, நாட்டிலேயே ஒரு கல்வி வளாகத்திலிருந்து வந்த முதல் சமுதாய வானொலி அது. அதற்குப் பாடுபட்ட ஆர். ஸ்ரீதர் அவர்களுக்கு இப்போது நன்றி சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. நாலு தெரு தள்ளி நடந்த விஷயம், காலேஜ் பிள்ளைகள் பாட்டுப் போட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கான உடல்நல நிகழ்ச்சிக்கு அக்கம்பக்கத்துக்காரர்களே வந்து பேசலாமாம் என்று யாரோ சொல்லித்தான் தெரியும், அதற்கப்புறமும் இரண்டு தடவை சர்தார் பட்டேல் சாலை கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை அங்கே நின்ற செக்யூரிட்டி அண்ணன், "பேசத்தானேம்மா வந்திருக்கீங்க, பரீட்சை எழுதவா? நேரா போங்க" என்றார். அவருக்குத்தான் முதல் நன்றி.

அடுத்தது எனக்கு ரெக்கார்டிங் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு. அப்போது அவள் மாணவி, இப்போது பெரிய வேலையில் இருப்பாள், பேர் போட்டால் கோபித்துக்கொள்வாள். இதற்கு முன்னால் வேறொரு இடத்தில், எங்கே என்று சொல்ல விரும்பவில்லை, என் பேச்சைக் கேட்டுவிட்டு "இதெல்லாம் மைக்குக்கு ஆகாதும்மா" என்று அனுப்பியிருந்தார்கள். அந்த ரோஷத்தில் நான் இவளிடம் வாழைப்பழத்தை நாக்கு மடங்க மடங்கச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்தையும் தூர்தர்ஷன் செய்தி மாதிரி முடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்திவிட்டாள். "ஆன்ட்டி, நேத்து ஃபோன்ல எங்கிட்ட எப்படிப் பேசினீங்க? அப்படியே பேசுங்க. வாயப்பயம்னே சொல்லுங்க." அப்படியே சொன்னேன், அப்படியே போட்டாள். ப என்று உதட்டை மூடித் திறக்கும்போது மைக்கில் 'டப்' என்று காற்று அடிக்கும், அதற்கு ஒரு பென்சிலை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசினால் போதும் என்று காட்டிக்கொடுத்ததும் அவள்தான். இன்னைக்கும் பென்சிலைப் பார்த்தால் கை தானாக வாய்க்குப் போகிறது.

இரண்டாம் மாடி அக்கா! உங்கள் பின்கட்டு அறை இல்லாவிட்டால் பாதி நிகழ்ச்சி வந்திருக்காது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு, ஃப்ரிட்ஜ் சத்தம் வருகிறதென்று அதையும் அணைத்துவிட்டு, மறுபடி போட மறந்துபோய் உங்கள் வஞ்சிரத்தை நாற அடித்தது நான்தான் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ரத்தசோகை பற்றிப் பேசிய அன்றைக்கு, நான் முருங்கைக்கீரை என்று சொல்லி முடிக்கவும் உங்கள் குக்கர் மூன்று விசில் அடித்தது. அந்தப் பெண் இரண்டை வெட்டிவிட்டு ஒன்றை விட்டுவைத்தாள். கீரை வேகிற வீட்டில் விசில் வராதா என்றாள்.

இஸ்திரி வண்டி அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பதிவு செய்ததைக் கொடுப்பதற்கு முன்னால் ஃபோனில் போட்டு அவரிடம் காட்டுவது என் வழக்கம். துணி தேய்த்துக்கொண்டே கேட்பார், தலையை நிமிர்த்தினால் ஏதோ தப்பு என்று அர்த்தம். வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கலக்கிற கரைசல் பற்றி ஒருமுறை சொன்னேன். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. இதைத்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "ஆறு ஸ்பூன் உப்புப் போட்டா வாயில வைக்க முடியுமாம்மா?" என்றார். மறுபடி கேட்டால், ஆமாம், மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். நிகழ்ச்சி போய்ச் சேருவதற்கு முன்னால் பிடித்தாரே, அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நிலையத்தில் என் கோபத்தைப் பொறுத்துக்கொண்டவருக்கும் நன்றி. எங்கள் பிளாக்குக்குத் தண்ணீர் லாரி வராததைச் செய்தியாகச் சொல்ல வேண்டும் என்று சண்டை போட்டேன். சமுதாய வானொலி தானாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆனால் நாளைக்குக் குழாயில் தண்ணீர் வராது, கரண்ட் இருக்காது மாதிரி அறிவிப்பு சொல்லலாம், அது செய்திக் கணக்கில் சேராது என்று உட்கார வைத்து விளக்கினார். அந்த விதி எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. விளக்கியவர்மேல் தப்பில்லை.

2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு எங்கள் தரைத்தளத்துக்குள் வந்தபோது டிரங்குப் பெட்டியோடு என் நோட்டுகளும் சிடிகளும் போய்விட்டன. உடுப்புக்கும் பாய்க்கும் அலைந்துகொண்டிருந்த நேரம், அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. பொங்கல் கழித்து எடிட்டிங் பார்த்த தம்பி ஒரு பென் டிரைவோடு வந்தான். தன் சொந்த ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வைத்திருந்தானாம். பத்தொன்பது நிகழ்ச்சி. பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சமையலை என் மாமியார் சொல்கிறதும், நடுவில் நான் குறுக்கே பேசியதற்கு "நீ சும்மா இருடி" என்று அவர் அதட்டுகிறதும் அதில் அப்படியே இருக்கிறது. தம்பி, அதை மட்டும் வெட்டாமல் வைத்திருந்தாயே, நல்லா இரு.

சரி, நிலையத்தின் ஹெட்போன் ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. காது பஞ்சு பிய்ந்திருக்கிறது, வேறு மாற்றி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவந்து கொடுக்கிறேன். என் இடத்துக்கு மூன்றாவது பிளாக் பெண் ஒருத்தி வருகிறேன் என்றிருக்கிறாள், கேட் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிற ரகம், அதனால் அவளைக் கையோடு கூட்டி வருகிறேன்.