விளம்பரத்தை வெட்டி எடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பழைய பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்து ‘அந்தக் காலத்து ஜனங்கள் எவ்வளவு அப்பாவிகள்’ என்று சிரிப்பது சுலபம். 1946-இல் அமெரிக்காவில் ‘மற்ற சிகரெட்டுகளைவிடக் கேமலைத்தான் அதிக டாக்டர்கள் புகைக்கிறார்கள்’ என்று விளம்பரம் வந்தது. வெள்ளைக் கோட்டு டாக்டரை அங்கே நிறுத்தியதே, புகை பற்றிய பயம் வாசகரிடம் ஏற்கெனவே இருந்ததால்தான். விளம்பரம் எதை அடித்துச் சொல்கிறதோ அங்கே ஒரு சந்தேகம் ஒளிந்திருக்கும்.

தேதி தெரியாத பக்கம் கிடைத்தால் படத்தை விட்டுவிட்டு அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் (அந்நாட்டுப் பின்கோடு) இருந்தால் அது 1963-க்கு முந்தியதல்ல. வாசகர் வெட்டித் தபாலில் அனுப்பும் கூப்பனில் ‘டிபார்ட்மென்ட் 14’ என்று இருப்பது பெரும்பாலும் அலுவலகப் பிரிவே இல்லை. எந்தப் பத்திரிகையைப் பார்த்துக் கடிதம் வந்தது என்று கணக்கெடுக்க வைத்த குறி. இன்றைய ‘கிளிக்’ கணக்கின் பாட்டன்!

ஸ்கேன் செய்பவர்கள் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுங்கள். குறைத்தால் அச்சுப் புள்ளிகள் அலை அலையாகக் கோடு போடும். தாளுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்தால் மறுபக்க எழுத்து தெரியாது. செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை பழுத்துத் தாளுக்குள் இறங்கிவிடும். விளம்பரத்தை மட்டும் கத்தரித்தால் இதழ்த் தேதி போய்விடும், எதிர்ப்பக்கத்தில் என்ன கட்டுரை இருந்தது என்பதும் போய்விடும். முழு இதழாகவே வையுங்கள்.

– ஒரு வாசகர்