முப்பரிமாணப் படங்களும் மங்கிய திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பரிமாணத்தில் ஒரு பெரிய படம் வெளியாகும்போதெல்லாம், இனிவரும் படங்கள் யாவும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு சாராரும், இது நான்கு நாள் மோகம் என்று மற்றொரு சாராரும் எழுதுகிறார்கள். சிற்றூர்த் திரையரங்கு ஒன்றில் 1979 முதல் 2014 வரை ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மக்கள் இந்தப் படங்களைக் கைவிட்ட ஒவ்வொரு முறையும் அவை எடுக்கப்பட்ட அவசரமும் திரையிடப்பட்ட விதமுமே முதற்காரணமாக இருந்தன என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டின் இறுதியில் 'புவானா டெவில்' வெளிவந்து, அடுத்த ஆண்டு 'ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' பெருவெற்றி பெற்றபோது, ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் முப்பரிமாணத்தின் பின்னால் ஓடின. ('ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்' படத்தை இயக்கிய ஆந்த்ரே டி டோத்துக்கு ஒரு கண்ணில்தான் பார்வை உண்டு, ஊரே வியந்த அந்த ஆழத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை என்பதை நினைக்கையில் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.) இரண்டே ஆண்டுகளில் அந்த அலை ஓய்ந்தது. இடக்கண்ணுக்கு ஒரு பிலிம், வலக்கண்ணுக்கு ஒரு பிலிம் என்று இரண்டு ரீல்களை அன்று இரண்டு புரொஜெக்டர்களில் ஒரே சமயத்தில் ஓட்ட வேண்டியிருந்தது. ஒன்று அறுந்து, ஒட்டுகையில் நான்கு ஃபிரேம் குறைந்துபோனால், மற்றதிலும் அதே நான்கு ஃபிரேமை வெட்டியாக வேண்டும். அதை மறந்துவிட்டால் இரு கண்களும் வெவ்வேறு நொடியைப் பார்க்கும், அரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் தலைவலி வரும். 1953-இல் கண்ணாடியே தேவைப்படாத அகலத்திரை முறையான சினிமாஸ்கோப் வந்ததும் அரங்கு உரிமையாளர்கள் அதன் பக்கம் போய்விட்டார்கள். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் முப்பரிமாணத்தில் எடுத்த 'டயல் எம் ஃபார் மர்டர்' 1954-இல் வந்தபோது, பெரும்பாலான அரங்குகளில் சாதாரணப் படமாகவே ஓடியது.

நம் பக்கத்தில் இந்த அலை 1984-இல் எழுந்தது. நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கிய 'மை டியர் குட்டிச்சாத்தான்'தான் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். குட்டிச்சாத்தான் நீட்டிய ஐஸ்கிரீமை வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய குழந்தைகளை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். சிறுவர்கள் சுவரிலும் கூரையிலும் நடந்துபோகும் பாட்டுக்காக, ஓர் அறையையே சுழலும்படி கட்டியிருந்தார்கள். கண்ணாடி வழியாக மெட்ராஸ் ஐ பரவுகிறது என்ற பேச்சு கிளம்பியபோது, ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் கண்ணாடிகள் சுத்தம் செய்யப்படுகின்றன என்று பிரேம் நசீர் போன்ற நட்சத்திரங்களைக் கொண்டே விளக்கம் சொல்ல வைத்தார்கள். பார்வையாளரின் கண்ணைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட படக்குழுவை அதற்குப் பின் நான் கண்டதில்லை.

மறு ஆண்டு தமிழின் முதல் முப்பரிமாணப் படமான 'அன்னை பூமி' வந்தது. அதை எங்கள் அரங்கில் நானே ஓட்டினேன். ஒரே ஃபிரேமுக்குள் மேலும் கீழுமாக இரண்டு படங்கள் இருக்கும். புரொஜெக்டரின் முன்னால் பொருத்திய தனி லென்ஸ் அவற்றைத் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழச் செய்யும். லென்ஸ் மயிரிழை விலகினாலும் ஒரு கண்ணின் படம் மேலேயும் மற்றதன் படம் கீழேயும் போய்விடும் என்பதால், முதல் நாள் நான்கு காட்சிகளிலும் லென்ஸ் அருகிலிருந்து நகராமல் நின்றேன். இரண்டாம் வாரத்தில் அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கண் வலிக்கிறது என்று சொல்லிப் பாதியில் எழுந்து போனவர்கள் அடுத்த முப்பரிமாணப் படத்துக்கு வரவில்லை.

2009 டிசம்பரில் வந்த 'அவதார்' படத்துக்குப் பிறகு எழுந்த அலை முந்தையவற்றைவிட நீண்ட காலம் நீடித்ததற்குக் காரணம் டிஜிட்டல் புரொஜெக்டர். பிலிம் அறுவது, இரண்டு இயந்திரங்கள் ஒத்துப்போகாதது போன்ற பழைய தொல்லைகள் எல்லாம் அதனால் ஒழிந்தன. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று முறை மாற்றி மாற்றிக் காட்டி, நொடிக்கு 144 தடவை திரையில் வீசுகிறது அந்த ஒற்றை இயந்திரம். ஆனால் இயந்திரம் சரியானதும் அவசரம் புகுந்தது. 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' படத்தைச் சாதாரணமாக எடுத்து முடித்துவிட்டு, சில வாரங்களில் முப்பரிமாணமாக மாற்றி 2010-இல் வெளியிட்டார்கள். அட்டையில் வெட்டி ஒட்டியவர்களைப் போல நின்ற நடிகர்களை உலகம் முழுவதும் பார்வையாளர்கள் குறை கூறினர். மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 'டைட்டானிக்' படத்தை 2012-இல் முப்பரிமாணமாக்க ஜேம்ஸ் கேமரூன் ஓராண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டார், சுமார் 1 கோடியே 80 லட்சம் டாலர் செலவிட்டார். அந்த உழைப்பு திரையில் தெரிந்தது. தொலைக்காட்சி நிறுவனங்களும் 2010-இல் முப்பரிமாணப் பெட்டிகளை ஆரவாரத்துடன் கொண்டுவந்து, 2017-க்குள் ஓசையின்றி நிறுத்திவிட்டன.

இன்று இந்தப் படங்களின் உயிரைக் குடிப்பது வெளிச்சக் குறைவு. நாம் வாய்நிறைய வெள்ளித்திரை என்று சொன்னாலும், பெரும்பாலான அரங்குகளில் இருப்பது வெள்ளைத் திரைதான். ஒளி அலைகள் அதிரும் திசையை வைத்து இரு கண்களுக்கான படங்களையும் பிரிக்கும் போலராய்டு கண்ணாடி முறைக்கு உண்மையாகவே வெள்ளிப் பூச்சுள்ள திரை வேண்டும். வெள்ளைத் திரையில் பட்ட ஒளி அந்தத் திசை ஒழுங்கை இழந்து சிதறுவதால், ஒரு கண்ணுக்குரிய படம் மற்ற கண்ணுக்கும் கசிந்து, பாத்திரங்களின் ஓரங்களில் ஆவி போன்ற இரண்டாம் நிழல் தெரியும். வெள்ளித் திரை இருந்தாலும், புரொஜெக்டரின் முன்னுள்ள வடிகட்டி பாதிக்கு மேல் ஒளியைத் தின்றுவிட, எஞ்சியதை இரு கண்களும் பங்கு போட்டுக்கொள்ள, அதிலும் ஒரு பகுதியைக் கண்ணாடி பறித்துவிடுகிறது. சாதாரணப் படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது தொழிலில் ஏற்கப்பட்ட அளவு. முப்பரிமாணத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே போதும் என்று பழகிவிட்டார்கள். புரொஜெக்டருக்கு ஒளி தரும் செனான் விளக்கை அதன் ஆயுள் முடிந்த பிறகும் செலவு மிச்சம் என்று மாற்றாமல் ஓட்டும் அரங்கில் அந்த மூன்றில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. அண்மையில் நான் பார்த்த காட்சி ஒன்றில், கண்ணாடியைக் கழற்றினால் பகலாகவும் அணிந்தால் அந்தியாகவும் இருந்தது. அரங்கின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இந்த நிலை அங்கு மட்டும் உள்ளதன்று.

என் மனைவிக்குச் சிறு வயது முதல் மாறுகண் உண்டு. இரு கண்களின் காட்சியும் மூளையில் ஒன்றுசேராத அவரைப் போன்றவர்களுக்கு, எவ்வளவு நல்ல கண்ணாடி அணிந்தாலும் ஆழம் தெரியாது. மற்றவர்களுக்கும் சிரமம் இல்லாமல் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் மிதப்பதுபோல் தோன்றும் பொருளை நோக்கி விழிகள் உட்புறம் திரும்ப, பார்வைக் குவியமோ தொலைவில் உள்ள திரையிலேயே நிற்க வேண்டியிருப்பதால், நெடுநேரம் பார்ப்பவர்களின் கண்கள் களைத்துவிடுகின்றன. எங்கள் ஊரில் சில பெரிய படங்கள் முப்பரிமாணக் காட்சியாக மட்டுமே வந்தன. கண்ணாடிக்கும் தனியாகப் பணம் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்த என் மனைவி, கூட்டம் கைதட்டும்போதெல்லாம் எதற்காகத் தட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாப் படங்களும் முப்பரிமாணத்துக்கு மாறும் காலம் வரும் என்று நான் நம்பவில்லை, வரவேண்டியதும் இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் கதைக்கு அது எதையும் கூட்டிக்கொடுப்பதில்லை. ஆனால், கண்ணாடிபோல் அசையாமல் கிடக்கும் நடுக்கடலில் சிறுபடகு ஒன்று வானத்தில் தொங்குவதுபோல் நிற்கும் காட்சியை 2012-இல் 'லைஃப் ஆஃப் பை' படத்தில் கண்ட எவரும் இந்தக் கலை அழியவேண்டும் என்று விரும்பமாட்டார்கள். 2018-இல் வெளிவந்த '2.0' படத்தை நம் ஷங்கர் முப்பரிமாணக் கேமராக்களைக் கொண்டே படமாக்கினார் என்பதும் நமக்குப் பெருமை. ஆழத்தை மனத்தில் வைத்து எழுதி, அதற்கென்றே எடுக்கப்படும் படங்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தாலும் மக்கள் தேடிச் சென்று பார்ப்பார்கள்.

படத்தயாரிப்பாளர்களையும் திரையரங்கு உரிமையாளர்களையும் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்ட படமா, பின்னர் மாற்றப்பட்ட படமா என்பதை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். கண்ணாடிக்குப் பணம் வாங்கும் அரங்கு, விளக்கை உரிய காலத்தில் மாற்றி, திரை வெளிச்சத்தை அளந்து சரிசெய்திருக்க வேண்டும். கண்ணாடிகளைக் காட்சிக்குக் காட்சி கழுவ வேண்டும். முப்பரிமாணப் படம் வெளியாகும் ஒவ்வொரு ஊரிலும் நாளொன்றுக்கு ஒரு காட்சியேனும் அதே படத்தைச் சாதாரண முறையில், கண்ணாடிக் கட்டணம் இல்லாமல் ஓட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திரையரங்கு ஆபரேட்டர்,
மதுரை மாவட்டம்