மாடில்லாத ஊரில் எரு

புரூக்ளின், நியூயார்க்
நவம்பர் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் தொடங்கிவிட்டது. படிக்கப் போன இடத்தில் குப்பையையா கிளறுகிறாய் என்று போனில் கேட்டீர்கள். ஆமாம், அதற்குத்தான் மதிப்பெண். அக்கம்பக்கத்துக் காய்கறிக் கழிவை எருவாக்கும் ஒரு குழுவில் இன்டர்ன்ஷிப் செய்கிறேன். இது படிப்போடு சேர்ந்தது என்று கல்லூரி ஐ-20 என்ற சேர்க்கைத் தாளில் பதிந்து கொடுத்த பிறகே மாணவர் விசாவில் இதில் சேர முடியும்.

நம் எருக்குழியில் பாதி வேலையைச் சாணம் பார்த்துக்கொள்ளும். இங்கே மாடு ஏது? அக்கம்பக்கத்தார் வாளியில் கொண்டுவரும் காய்கறித் தோலும் மரச்சருகும்தான். கறி, மீன், பால், எண்ணெய்ப் பண்டம் வாங்குவதில்லை. வாளியை எடைபோட்டு நோட்டில் எழுதியபின், ஒரு வாளிக் கழிவுக்கு மூன்று வாளி சருகு சேர்த்துக் கிளறுகிறோம். புதிதாக வரும் மாணவர்கள் தவறுவது காபிச் சக்கையில். பழுப்பாக இருப்பதால் அதைச் சருகுக் கணக்கில் போட்டுவிடுவார்கள். அதில் தழைச்சத்து அதிகம். பச்சைத் தழையோடுதான் சேர்க்க வேண்டும். கணக்கு மாறினால் இரண்டே நாளில் அமோனியா மூக்கைத் துளைக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கோளாறு வேறு: ஈரம் மிகுந்து காற்றுப் போகவில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது.

சருகுதான் இங்கே சொத்து. ஆண்டு முழுவதற்குமானது இந்தச் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மூட்டை கட்டி அடுக்காவிட்டால் கோடையில் தச்சரிடம் போய் மரச்சீவலுக்கு நிற்க வேண்டியதுதான். பசை கலந்த பிளைவுட் தூளும், மருந்தடித்த மரத்தின் சீவலும் ஆகாது. சருகையும் முழு இலையாகப் போடக்கூடாது. நனைந்த செய்தித்தாள் போல் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றை அடைக்கும். நொறுக்கித்தான் போடுகிறோம்.

குவியல் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது, ஜனவரியில் உறைந்தே போகும். தினமும் நீளக் கம்பி வெப்பமானியை நடுவில் குத்திப் பார்க்கிறோம். புரட்டிப் போடும் குவியலில் நோய்க்கிருமி சாக 15 நாள் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். 70-ஐத் தொட்டால் நுண்ணுயிரே செத்துவிடும், உடனே கிளறிவிடுகிறோம்.

எலியைச் சொல்ல மறந்தேன். இந்த ஊர் எலி கோழிவலையைக் கடித்துவிடும். கால் அங்குலக் கண்ணுள்ள கனத்த கம்பிவலையைப் பெட்டியின் நாலு பக்கமும், முக்கியமாக அடியிலும் அடிக்க வேண்டும். மேலே அரையடிக்குச் சருகு மூடாக்கு. ஒரு வாழைப்பழத்தோல் வெளியே தெரிந்தாலும் இரவில் விருந்தாளி நிச்சயம்.

சூடு ஆறியபின் இரண்டு மாதமாவது ஆறப்போட்டுச் சலிக்கிறோம். சல்லடையில் மிஞ்சுவது பழங்களில் ஒட்டும் ஸ்டிக்கரும், 'மக்கும்' என்று அச்சிட்ட கோப்பையும். அந்தக் கோப்பை பெரிய ஆலைச் சூட்டில் மக்கலாம், எங்கள் குவியலில் அப்படியே கிடக்கிறது. பழைய பெயின்டால் ஊர் மண்ணில் ஈயம் உண்டு என்பதால், பலகையடித்த மேட்டுப்பாத்தியில் புதுமண் நிரப்பி, மேலே ஓரிரு அங்குலம் எரு தூவுகிறோம்.

எங்களைப் போல் எரு செய்யும் குழுக்களுக்கான பணத்தை 2023 இறுதியில் நகராட்சி வெட்டியது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் திரும்பக் கிடைத்தது. 2024 அக்டோபர் முதல் உணவுக் கழிவைத் தனியே பிரித்து வைப்பது நகரெங்கும் கட்டாயம். நகராட்சி வண்டி எடுத்துப் போவதில் ஒரு பகுதி சாக்கடை நீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய் எரிவாயு ஆகிறது. எருவாகத் தோட்டத்துக்குத் திரும்ப எங்களைப் போன்ற இடங்களும் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஐப்பசி மழையில் நம் குழி நாறுகிறது என்றீர்களே, அதற்கும் நீர் தேங்கியதுதான் காரணம். ஓலை வேய்ந்து, காய்ந்த சருகு நாலு கூடை போட்டுப் புரட்டிவிடுங்கள். வாசலில் கூட்டும் வேப்பஞ்சருகைக் கொளுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்