பணத்தைத் திருப்பித் தாருங்கள்: உங்கள் மென்பொருள் தருவது 3டி இல்லை

அனுப்புநர்: ஒரு வாடிக்கையாளர் (வீடியோ எடிட்டிங் கடை), அல்சூர், பெங்களூரு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

சிவப்பு–சயான் (நீலப்பச்சை) கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி வீடியோவும் கேமும் உருவாக்கித் தரும் என்று நீங்கள் விளம்பரம் செய்த மென்பொருளை 6,499 ரூபாய் கட்டி வாங்கினேன். ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்தை 3டியில் கேட்டிருந்தார்கள். ஒற்றை கேமராவில் எடுத்ததை மாற்றினால் குறை இருக்கும் என்பது தெரிந்ததுதான். அதனால் இரண்டு கேமராவை அருகருகே பொருத்தி எடுத்தேன்.

வந்தது என்ன? முன்னால் ஆடும் பெண், பின்னால் நடராஜர் சிலை, ஓரத்தில் மிருதங்கக்காரர், மூவரும் சுவரில் ஒட்டிய ஒரே போஸ்டர் மாதிரி தெரிந்தார்கள். போஸ்டர் திரைக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தது, அவ்வளவுதான்.

சந்தேகப்பட்டு ஒரு ஃபிரேமை போட்டோஷாப்பில் திறந்து, சிவப்புச் சேனலை (படத்தின் சிவப்பு நிறப் பகுதியை) மட்டும் 12 பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தினேன். ஒட்டியாணம், சிலையின் திருவாசி, மிருதங்கத்தின் வார் என்று எல்லா ஓரங்களும் கச்சிதமாக உட்கார்ந்தன. இடப்பக்க கேமராவின் சாதாரணப் படமே திரும்பக் கிடைத்தது. வலப்பக்க ஃபைலை எடுத்துவிட்டு ஓட்டினேன், அதே வெளியீடு! நிஜமான அனாகிளிஃபில், அதாவது இந்த இருநிறக் கண்ணாடிக்கான 3டி படத்தில், இடக்கண்ணின் படம் சிவப்பிலும் வலக்கண்ணின் படம் பச்சை, நீலத்திலும் போகும். பக்கத்தில் இருப்பது ஓர் அளவும் தூரத்தில் இருப்பது வேறோர் அளவும் விலகி நிற்கும். எல்லாமே ஒரே அளவு விலகினால் ஆழம் எங்கிருந்து வரும்?

கேமிலும் இதே கதைதான். டெப்த் பஃபரை (திரையின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேம் வைத்திருக்கும் பதிவை) வாசித்து இரு கண்ணுக்கும் தனித்தனிக் காட்சி தருவதாகச் சொல்கிறீர்கள். பக்கத்துச் சுவர், தொலைவில் உள்ள மலை, மூலையில் ஸ்கோர் எல்லாம் சமமாக நகர்கின்றன. அப்புறம் அந்த டுபுவா முறை, அதாவது இரு படங்களின் நிறங்களைக் கணக்கிட்டுக் கலக்கும் ஒரு முறை. அடர்சிவப்பு ஒரு கண்ணில் பளிச்சென்றும் மறு கண்ணில் கறுப்பாகவும் தெரிந்து உறுத்துவதைக் குறைக்கத்தான் அது. உங்கள் மெனுவில் பெயர் மட்டும் இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் ஒரு நிறம்கூட மாறவில்லை.

கண்ணாடியை இடவலம் மாற்றிப் போட்டிருப்பேன் என்று உங்கள் உதவிப் பிரிவு பதில் எழுதியது. (கூடவே புதுக் கண்ணாடி வாங்க ஒரு லிங்க்!) மாற்றிப் போட்டால் திரைக்குப் பின்னால் தெரிந்த போஸ்டர் முன்னால் வரும். போஸ்டர் போஸ்டர்தான்.

முழுத் தொகையையும் 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும் என்ற பதில் வேண்டாம். தராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, தவறான விளம்பரம் என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நான் குடியிருக்கும் பெங்களூரிலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

ரசீது, இரு கேமராவின் அசல் ஃபைல்கள், நகர்த்திப் பார்த்த ஃபிரேம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்