அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள் விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்தோறும் ஏப்ரல் 14 விழா எடுக்கும் தோழர்களுக்கு,

ஜெய் பீம்.

1928இல் புனேயில் அண்ணலின் தொண்டர் ஜனார்தன் சதாசிவ் ரணபிசே தொடங்கிவைத்த விழா இது. அன்று அண்ணலுக்கு வயது 37. இன்று நம் ஊர்களில் வசூல், பந்தல், ஒலிபெருக்கி, ஆளுயர மாலை என்று வளர்ந்து நிற்கிறது. விழாவன்று வெடிக்கிற சிக்கல்களில் முக்கால்வாசி, மார்ச் மாதத்தில் யாரும் கவனிக்காமல் விட்டவை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் சிலை. சிமெண்ட் சிலையில் நீட்டிய வலது கைதான் பலவீனமான இடம். உள்ளே மெல்லிய கம்பி ஓடும். மணிக்கட்டிலோ விரலிலோ மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பும்போது சிமெண்ட் பிளக்கும். அந்தக் கையில் போய்ப் பெரிய மாலையைத் தொங்கவிட்டால் விரல் உதிராமல் என்ன செய்யும்? இரவில் உதிர்ந்தால், 'எவனோ உடைத்துவிட்டான்' என்ற பேச்சு விடிவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடும். உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள், நமக்குத் தெரியாததல்ல. அதனால்தான் தானாக விழுந்தது எது, உடைக்கப்பட்டது எது என்று காட்ட நம் கையில் சான்று வேண்டும். மார்ச் முதல் வாரத்திலேயே நாலு பக்கமும், கை, கண்ணாடி, புத்தகம் தனித்தனியாகவும் தேதி தெரியப் படம் எடுங்கள். விரிசல் இருந்தால் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பழுது பாருங்கள். மாலை தோளில்தான் உட்கார வேண்டும், கையில் அல்ல.

பெயிண்ட் வேலைக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். உரிந்துகொண்டிருக்கும் பழைய பூச்சின் மேலேயே நீல எனாமலை அடித்தால் சித்திரை வெயிலில் செதில் செதிலாக வந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவி, இரண்டு நாள் காயவிடுங்கள். கம்பி வெளியே தெரிந்தால் துருவை எடுத்து, மீண்டும் துருப்பிடிக்காமல் காக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடியுங்கள். பிறகு விரிசலுக்கு வெளிப்புறப் பட்டி, உப்புத்தாள், ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் வண்ணம். ஒவ்வொரு கோட்டும் முழுசாகக் காய்ந்த பிறகே அடுத்தது. 13ஆம் தேதி பெயிண்டரைத் தேடினால் அண்ணலின் கோட்டு மாலையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பாலாபிஷேகம் வேண்டாம். அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் தலையில் பாலை ஊற்றுவது என்ன நியாயம்? போதாததற்கு, அது விரிசலில் இறங்கி நாறும், எறும்பு மொய்க்கும்.

அடுத்தது கூண்டுச் சாவி. உடைத்துவிடுவார்கள் என்று சிலைக்குக் கூண்டு போட்ட நிலையை நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஆனால் 14ஆம் தேதி காலையில் கோபம் பூட்டைத் திறக்காது. சாவி தாலுகா அலுவலகத்தில் இருக்கிறதா, காவல் நிலையத்திலா, யார் பொறுப்பில் என்று முன்பே கேட்டு வையுங்கள். 14 அரசு விடுமுறை. 2025இல் அது திங்கட்கிழமை. சனி, ஞாயிறு கழிந்தால் அந்த ஆண்டு 11ஆம் தேதி வெள்ளிதான் கடைசி வேலைநாளாக இருந்தது. சாவி கிடைத்ததும் பூட்டுக்கு எண்ணெய் விட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் ஏணி கூண்டு வாசலுக்குள் நுழைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

காவல் நிலையத்தில் கொடுக்கும் அனுமதி மனு இரண்டு பிரதி, ஒன்றில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்வலப் பாதையை வரைந்து இணையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பேச்சாளர் பட்டியலை அதற்கேற்பச் சுருக்குங்கள் (யாரும் கோபித்துக்கொள்ளட்டும்). கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்காதீர்கள். தற்காலிக இணைப்பு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் போதும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். படம் வைத்த வண்டியின் மொத்த உயரத்தை, மேலே கட்டும் கொடியும் சேர்த்து, அளந்து பாதை முழுக்க நடந்து பாருங்கள். தாழ்ந்த கம்பி இருந்தால் வண்டி உயரத்தைக் குறையுங்கள். மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் வேலையே வேண்டாம்.

எங்கள் கணக்கில், மேடையைவிட முக்கியமானது பந்தல் ஓரத்தில் போட வேண்டிய ஒரு மேசை. மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும். அதற்கு முன்பே, பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதிய பிள்ளைகளின் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் சரிபார்த்துப் பட்டியல் போட ஏற்ற நாள் இதுதான். பெற்றோரின் சாதிச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றோடு வரச்சொல்லி ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான்: பள்ளியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். கலந்தாய்வு நேரத்தில் இதைத் திருத்த அலைய முடியாது. பத்தாவதுக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டுக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். கூலி வேலை செய்பவருக்கே அதைத் தாண்டி எழுதிக் கொடுத்திருந்தால் உடனே முறையிட வேண்டும். மேசையில் இரண்டு பேர், ஒரு நோட்டு, வேலை தெரிந்த ஒருவர் போதும். பேனர் ஒன்றைக் குறைத்தால் ஜெராக்ஸ் செலவும் தீர்ந்தது.

15ஆம் தேதி பொழுது சாய்வதற்குள் மாலைகளைக் கழற்றிவிடுங்கள். ஈரப்பூ புதுப் பூச்சில் கறை போடும், மாலைக்குள் இருக்கும் கம்பி கீறும். பேனரை நாமே இறக்கிவிடலாம். சாவியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிட்டு, வரவு செலவுக் கணக்கை அந்த வாரமே ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
விழா வேலைகளில் உடன் நிற்கும் தோழர்கள்