முந்நூற்று எண்பத்து நாலு பேரும் ஒன்பது வேன்களும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சுற்றுலா, ஓட்டல் மேலாண்மை, நிகழ்ச்சி மேலாண்மைத் துறைகளின் முனைவர் பட்ட நெறியாளர்களுக்கும் ஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கும்பகோணத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் பதினேழு வருஷம் நின்றவன் நான். கேட்டரிங் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்த வேலை. அப்புறம் அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. சுற்றுலா படித்தேன். முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்கி, இப்போது பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். ஒரு துறையைப் பற்றிய புகார் என்றால் அங்கேயே எழுதிக் கொடுத்திருப்பேன். வேறு வேறு ஊர்களில் இதே பட்டத்துக்குப் படிக்கும் நண்பர்களிடம் பேசிப் பார்த்ததில் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். அதனால்தான் இந்த மடல்.

நான் எடுத்த தலைப்பு, எங்கள் ஊரைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போகும் வேன் பயணம். முதல் ஆய்வுக் குழுக் கூட்டத்தில் எனக்கு வந்த முதல் கேள்வி, "சாம்பிள் எவ்வளவு?"

"ஒன்பது வேன், சார்."

சிரித்தார்கள். மனம் நோகச் சிரிக்கவில்லை. அதில் ஒருவர் தேநீர் இடைவேளையில் தோளில் கைபோட்டு, "384 போட்டுக்கோங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. நூலகத்தில் எடுத்துப் பார்த்த பழைய ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் அந்த 384-தான். நட்சத்திர ஓட்டல் விருந்தினர் திருப்தி, மலைவாசஸ்தலப் பயணிகள் திருப்தி, கோயில் நகரப் பயணிகள் திருப்தி. ஊர் மாறுகிறது, எண் மாறவில்லை.

அந்த எண் 1970-இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வந்தது. மொத்த ஆட்கள் ஒரு லட்சம் என்றாலும் பத்து லட்சம் என்றாலும் 384 பேர் போதும் என்கிறது அது. கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு லட்சம் பேரில் ஒவ்வொருவருக்கும் நம் கையில் சிக்கச் சம வாய்ப்பு இருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். பட்டியல் வேண்டும், அதில் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். நாங்கள் என்ன செய்கிறோம்? ஆலங்குடி கோயில் வாசலில் நின்றுகொண்டு, அவசரமில்லாத, படிக்கத் தெரிந்த, பேனா பிடிக்கச் சம்மதிக்கிற ஆளைப் பிடிக்கிறோம். பெரும்பாலும் அவர் சொந்தக் காரில் வந்த, பேண்ட் சட்டை போட்ட ஆண். அதே வாசலில் 3,840 பேரைப் பிடித்தாலும் அவரேதான் பத்து மடங்காக வருவார்.

சரி, வினாத்தாளாவது நம்முடையதா? சேவைத் தரத்தை அளக்கப் பரசுராமன், செய்தாமல், பெர்ரி மூவரும் 1988-இல் வெளியிட்ட 22 கேள்விகளைத்தான் இன்றைக்கும் திருப்பித் திருப்பிப் போடுகிறோம். நல்ல ஆய்வு அது, குறை சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவில் வங்கி, கிரெடிட் கார்டு, வீட்டுச் சாதன ரிப்பேர், தொலைதூரத் தொலைபேசி போன்ற சேவைகளை வைத்துச் சோதித்த கேள்விகள் அவை. அவற்றைத் தமிழாக்கி, 'உணரப்பட்ட மதிப்பு' என்று இன்னொரு பகுதியையும் ஒட்டிக் கொடுத்தேன். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, "மதிப்புன்னா ரூபாயா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கே தாள்களைப் பையில் போட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

வேனில் கண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். விடியற்காலை நாலரைக்கு வண்டி கிளம்புகிறது. முதலில் திங்களூர், அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். இந்த ஐந்தும் உச்சிக்கால நடை சாத்துவதற்குள் முடிய வேண்டும். ஒன்று தவறினால் நாலு மணிவரை காத்திருக்க வேண்டியதுதான், மொத்த நாளும் சரிந்துவிடும். ஆகவே அந்த வேனில் முடிவெடுப்பவர் டிரைவர். யார் எத்தனை நிமிஷம் கும்பிடலாம், எந்தக் கடையில் டீ, மதியச் சாப்பாடு எங்கே, எல்லாம் அவர் சொல்வதுதான். சாப்பாட்டுக் கடையில் வண்டி நின்றதும் டிரைவருக்குத் தனி டேபிள், காசு கிடையாது. கடைக்காரர் கையில் வேறு ஏதோ திணிப்பார். மத்தியானம் மேல் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், இருட்டியபின் திருநள்ளாறு. சிலர் நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு, ஈரப் புடவையை வேன் ஜன்னல் கம்பியில் கட்டி உலர்த்திக்கொண்டே ஊர் திரும்புவார்கள்.

இரண்டாவது வேனில்தான் கவனித்தேன். பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில் மடியில் இருக்கும், மூடி திறக்காது. வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. கேட்டதற்கு, "வழியில எங்க போறது?" என்றார்கள். ஒரு பாட்டி முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே குறைத்துக்கொண்டு வந்திருந்தார். சர்க்கரை மாத்திரை போடுபவர். மூன்றாவது வேனிலும் இதே கதை, நாலாவதிலும்.

அந்த 22 கேள்விகளில் எதிலும் இது அகப்படாது. 'வசதிகள் பார்வைக்கு நன்றாக உள்ளனவா' என்று கேட்டால் அந்தப் பாட்டி, கோயிலுக்கு வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது என்று ஐந்துக்கு ஐந்து போடுவார். போட்டார். என் கண் முன்னால் போட்டார். அந்த ஐந்தை நான் கணினியில் ஏற்றிச் சராசரி 4.2 என்று எழுதினால் உங்கள் குழு ஒப்புக்கொள்ளும். பாட்டில் மூடி திறக்காததை எழுதினால் அது 'அனுபவம்', ஆய்வு இல்லை என்கிறீர்கள்.

எண்ணிக்கை வேண்டாம் என்பதல்ல என் வாதம். எண்ணிக்கை எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். மாதாமாதம் எத்தனை பேர் தங்கினார்கள் என்ற கணக்கை லாட்ஜில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். கூட்டம் அதிகமான மாதங்களில் போன மாதத்து எண்ணைக் கூட்டிக் குறைத்து எழுதியதும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2019-இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 49 கோடிக்கு மேல் என்பது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்கு. ஓர் இரவாவது தங்கினால்தான் சுற்றுலாப் பயணி, அன்றே திரும்பினால் ஒருநாள் வருகையாளர் என்று பாடத்தில் படிக்கிறோம். மகாமகக் குளக்கரையில் வேனை நிறுத்தி, சீட்டைச் சாய்த்துத் தூங்கி, குளத்தடியில் பல் தேய்த்துவிட்டுக் கிளம்பும் பதினெட்டுப் பேரை எதில் சேர்ப்பீர்கள்? அவர்கள் எந்த ரிஜிஸ்டரிலும் கையெழுத்துப் போடவில்லை. கடைசிக் கோயிலான திருநள்ளாறோ புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக் காரைக்காலில் இருக்கிறது. ஒரே வேன், ஒரே நாள், இரண்டு அரசுகள்.

இதையெல்லாம் எண்ணுவதற்கு வழி கண்டுபிடிப்பதுதானே நம் துறையின் வேலை? நாம் செய்யாமல் விட்டால் என்ன ஆகிறது என்று ஊட்டியில் பார்த்தோம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு வருஷக் கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. அந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. அவர்கள் செய்யட்டும், நன்றாகவே செய்வார்கள். ஆனால் 'தாங்குதிறன்' என்பது எங்களுக்கு முதல் செமஸ்டர் பாடம். ஊட்டிப் பயணிகளின் திருப்தியை அளந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஊட்டியை அளந்தவர் யார் என்று தேடினால் கையில் ஒன்றும் அகப்படவில்லை.

நிகழ்ச்சி மேலாண்மைக்கும் இதே கதிதான். பாடத்தில் மாநாடு, கண்காட்சி, கல்யாணம் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊரில் 12 வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குளத்துக்குள் லட்சக்கணக்கானோர் இறங்கும் நிகழ்ச்சி இருக்கிறது. 1992 மகாமகத்தில் நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். 2004, 2016 இரண்டும் நல்லபடியாக நடந்தன. 2016-இல் நான் ரிசப்ஷனில் இருந்தேன். இரண்டு பேர் படுக்கும் அறையில் பதினொரு பேர், மொட்டை மாடியில் பாய் வாடகைக்கு. எந்தத் தெருவை ஒருவழியாக மாற்றினார்கள், எந்த நேரத்தில் எந்தக் கரையைத் திறந்தார்கள் என்பதெல்லாம் அன்று பணியில் இருந்த போலீஸ்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், அன்னதானச் சமையல்காரர்கள் மனதில்தான் இருக்கிறது. அவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். அடுத்த மகாமகம் 2028-இல். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருஷம், கூடியது ஆறு. இப்போது பதிகிற மாணவருக்கு மகாமகம் ஆய்வின் நடுவிலேயே வந்து நிற்கும். அதற்கு முன்னால் அந்தப் பழைய ஆட்களிடம் போய் உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஒருவரையாவது அனுப்புங்கள். 2028-ஐத் தவறவிட்டால் 2040வரை காத்திருக்க வேண்டும்.

கட்டுரை வெளியீட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி அதே 2022-இல் எடுத்துவிட்டது. உள்விதியாக வைத்திருக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். பணம் கட்டினால் பத்தே நாளில் போட்டுத் தரும் இதழ்களை மட்டும் ஏற்காதீர்கள். அந்தப் பணத்தில் நாலு முறை வேனில் போய்வரலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'சாம்பிள் எவ்வளவு' என்பதற்கு முன்னால் 'என்ன தெரிந்துகொள்ளப் போகிறாய்' என்று கேளுங்கள். எண்ணித்தான் ஆக வேண்டிய கேள்வி என்றால் 384 போதாமலும் போகலாம், உடன் போய்ப் பார்க்க வேண்டியது என்றால் ஒன்பதே அதிகமாகவும் இருக்கலாம். மக்கள் சொன்னதை அவர்கள் சொன்ன தமிழிலேயே ஆய்வேட்டில் வைக்க விடுங்கள். கூட்டத்துக்குச் சிறப்பு அழைப்பாளராக ஒரு லாட்ஜ் மேனேஜரையோ சமையல் கான்ட்ராக்டரையோ ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். என்னைவிடக் கறாராகக் கேள்வி கேட்பார்கள்.

அடுத்த ஆய்வுக் குழுக் கூட்டம் தை மாதம். ஒன்பதில் ஆறு வேன் முடிந்திருக்கிறது. ஏழாவது, வருகிற சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு மகாமகக் குளக்கரையிலிருந்து கிளம்புகிறது. உங்களில் யாராவது வருவதாக இருந்தால் டிரைவர் பக்கத்துச் சீட்டைப் பிடித்து வைக்கிறேன். மதியச் சாப்பாடு அவர் நிறுத்துகிற இடத்தில்தான்.

இப்படிக்கு,
ஒரு பகுதிநேர ஆய்வாளர்,
கும்பகோணம்