சாமி இல்லாதவரின் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

"சாமி கும்பிடாத உங்கப்பா எதை வைத்து இது சரி, இது தப்பு என்று சொல்கிறார்?" என்று உன்னோடு வேலை செய்யும் கேரளத்து நர்ஸ் கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கிய காலத்திலிருந்து எங்களைப் போன்றவர்களிடம் ஊர் கேட்பதும் இதுதான்.

தூக்குத் தண்டனையை எடுத்துக்கொள். மெக்கானிக் மாமாவும் சாமி இல்லை என்பவர்தான். ஆனால் 2022 ஏப்ரலில் ஈப்போ பையன் நாகேந்திரனைச் சிங்கப்பூரில் தூக்கிலிட்டபோது ஒட்டுக்கடையில் எங்களுக்குள் பெரிய சண்டை. பையன் கொண்டுபோனது 42.72 கிராம் ஹெராயின். "தூள் அடித்துச் செத்தானே என் தம்பி மகன், அவனுக்கு யார் நியாயம் சொல்வது?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் விடை தானாக வந்து விழுந்துவிடாது, பார்.

அப்புறம் யோசித்தேன். பிடிபடுபவன் பொட்டலம் சுமப்பவன். முதலாளி எல்லைச் சாவடிப் பக்கமே வருவதில்லை. நம் மலேசியாவில் 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே கடத்தல்காரன் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவன்தான் காட்ட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லாதவன் எப்படிக் காட்டுவான்? தீர்ப்பு தப்பென்று பின்னால் தெரிந்தால் சிறையில் இருப்பவனை வெளியே விடலாம். தூக்கில் போட்டவனை?

மாமாவின் இடத்தில் நின்றும் பார்த்தேன். அவர் கோபம் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் அந்தக் கோபம் தேடும் ஆள் வேறு, கயிறு விழும் கழுத்து வேறு. 2023 ஜூலையில் இங்கே கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டு, நீதிபதியின் முடிவுக்கு விட்டார்கள். மாமாவுக்கு அது ரொம்ப இளக்கம், எனக்குப் போதாது.

உன் அம்மா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவள். "உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்கணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். சுற்றி வளைத்து, மூச்சு வாங்க, நானும் அங்கேதான் வந்து சேர்ந்தேன்.

சரி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இருக்கும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2019 முதல், தீராத நோயில் சாகப்போகிறவர் டாக்டர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதே, அதில் எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கேட்பவர் வலி தாங்காமல் கேட்கிறாரா, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்று கேட்கிறாரா? வார்டில் நீ பார்த்ததை எழுது. நோயாளிகளின் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா
பினாங்கு